கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நாவல் எழுதினாரா சிமெனோன்?

ஒரு வாசகர் கேட்டது: "இன்ஸ்பெக்டர் மேக்ரே நாவல்களை எழுதிய ஜார்ஜ் சிமெனோன், பாரிஸில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, சில நாளில் ஒரு முழு நாவலை எழுதி முடித்தாராமே? மிஷின் மாதிரி எழுதித் தள்ளிய ஒருவரை இலக்கியக்காரர்கள் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்?"

ஜனவரி 11, காலை

நடக்கவே நடக்காத சம்பவம் அது. ஒப்பந்தம் போட்டது மட்டும் நிஜம்.

1927இல் யூஜேன் மெர்ல் என்ற பாரிஸ் பத்திரிகை முதலாளி தன் புது நாளிதழுக்கு விளம்பரம் தேடிக்கொண்டிருந்தார். மலிவு நாவல்களை மளமளவென்று எழுதிக்கொண்டிருந்த இருபத்து நாலு வயசு சிமெனோன் கண்ணில் பட்டார். மூலான் ரூஜ் கேளிக்கை விடுதி பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு, உள்ளே பையனும் டைப்ரைட்டரும், வெளியே கூட்டம். யார் யார் பாத்திரங்கள் என்பதைக்கூட வாசகர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று திட்டம். ஊரெல்லாம் பேச்சு, மற்ற பத்திரிகைகள் கரித்துக் கொட்டின, கடைசியில் நாளிதழ் படுத்துக்கொண்டது. கூண்டு கட்டப்படவே இல்லை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். பின்னாளில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளில் "நானே போய்ப் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் வருகிறார்கள். அவர் முகம் எப்படி இருந்தது, கூட்டம் என்ன கத்தியது என்று வர்ணனை வேறு. சிமெனோனின் வாழ்க்கையை எழுதிய பியேர் அசுலின் இதையெல்லாம் தோண்டி எடுத்துப் பொய்யென்று காட்டியிருக்கிறார். துப்பறியும் கதைக்காரர் வாழ்க்கையிலேயே இத்தனை பொய்ச் சாட்சிகள்!

ஜனவரி 11, இரவு

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றுவது உண்மை. 1924இலிருந்து 1931 வரை இருபதுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் இருநூறை ஒட்டி மலிவு நாவல்கள். ஜார்ஜ் சிம், ஜான் தியூ பெரி, கிறிஸ்டியன் ப்ரூல்ஸ் என்று ஆளுக்கொரு பெயர். காதல், சாகசம், கொஞ்சம் அசைவம், எதற்கும் தயார். பிறகு சொந்தப் பெயரில் எழுபத்தைந்து மேக்ரே நாவல்கள், இருபத்தெட்டு மேக்ரே சிறுகதைகள். அது போக மேக்ரே இல்லாத கனமான நாவல்கள் நூற்றுக்கு மேல்.

நம்மூர் மாத நாவல்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை அவ்வளவு அதிர்ச்சி தராது. நமக்கு வேகம் பழக்கம். என்னைக் கேட்டால், இத்தனை எழுதிய கையிலிருந்து வந்த வாக்கியம் அப்படி எளிமையாக இருக்கிறதே, அதுதான் விசேஷம். இதில் பிரெஞ்சு எழுத்தாளர் கோலெத்துக்குப் பங்கு உண்டு. லெ மாத்தான் நாளிதழில் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அவர் இருந்தபோது, இளம் சிமெனோனின் கதைகளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். இலக்கியம் பண்ணாதே, எல்லாவற்றையும் வெட்டு என்பதுதான் புத்திமதி. பையன் கேட்டுக்கொண்டான். அதற்கப்புறம் ஆயுசு பூராவும் அடைமொழியைக் கண்டால் கத்தரிதான். மழையை "மழை பெய்தது" என்று மட்டும் எழுதுவார். ஆனால் மேக்ரேயின் கம்பளிக் கோட்டு நனைந்து கனப்பது வாசிக்கிறவர் தோளில் தெரியும்.

ஜனவரி 13

"பதினோரு நாளில் நாவல்" என்பது சத்தியம்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூண்டு மாதிரி இதுவும் கதையோ என்று சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், ஆனால் இது உண்மை. 1955இல் பாரிஸ் ரிவ்யூவுக்குக் கொடுத்த பேட்டியில் விவரமாகவே சொல்லியிருக்கிறார். தேதி குறித்த காலண்டர்களும் நாவலுக்குக் குறிப்பெழுதிய கவர்களும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1976இல் அவரே கொடுத்துவிட்டார்.

நடைமுறை இப்படி. நாவல் தொடங்குமுன் டாக்டர் வருவார். ரத்த அழுத்தம் பார்ப்பார், சரி, எழுதலாம் என்பார். எல்லாச் சந்திப்புகளும் ரத்து. ஒரு காகிதக் கவரின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதுவார். பெயர்கள் டெலிபோன் டைரக்டரிகளிலிருந்து வரும். அலமாரியில் பல ஊர் டைரக்டரிகளை அடுக்கி வைத்திருந்தார். பெயர், வயசு, விலாசம், குடும்பம், செய்கிற வேலை, யாருக்கு என்ன நோய். அவ்வளவுதான் கவரில். பிறகு ஒரே கேள்வி: இந்த ஆளை இவன் எல்லைக்கே தள்ளுகிற மாதிரி என்ன நடக்க முடியும்? முதல் அத்தியாயத்துக்கு அது போதும். மறுநாள் என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியாது. தினம் விடிகாலையில் ஓர் அத்தியாயம். கதவில் ஹோட்டல் அறைகளில் தொங்குமே "தொந்தரவு செய்யாதீர்" அட்டை, அது. நடுவில் உடம்புக்கு வந்து ஓரிரண்டு நாள் தவறிப்போனால் அந்த நாவலே குப்பைக்கூடைக்கு.

ஐந்தாறு நாளுக்குப் பிறகு தாங்க முடியாமல் போகும் என்கிறார். பாத்திரம் தன் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, பதினோரு நாளுக்கு மேல் சுமக்க முடியாது, அதனால்தான் நாவல்கள் சின்னதாக இருக்கின்றன என்பது அவர் கணக்கு. முடிந்ததும் டாக்டர் மறுபடி வந்து பார்ப்பார், அழுத்தம் இறங்கியிருக்கும்.

இப்போது மேக்ரே எப்படித் துப்பறிகிறார் என்று யோசித்துப் பாருங்கள். கைரேகை, பூதக்கண்ணாடி, நாற்காலியில் சாய்ந்து தர்க்கம், எதுவும் பெரிதாகக் கிடையாது. செத்தவன் குடியிருந்த தெருவுக்குப் போவார். அவன் குடித்த இடத்தில் அதையே வாங்கிக் குடிப்பார். அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பார். எரிந்து விழுவார். வீட்டுக்குப் போனால் மேக்ரே அம்மாள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு எதுவும் கேட்க மாட்டார். ஒரு கட்டத்தில் அந்த ஆள் உள்ளே வந்துவிடுவான், வழக்கு முடிந்துவிடும். எழுதினவர் பதினோரு நாள் என்ன செய்தாரோ அதையே இவர் போலீஸ் சம்பளத்துக்குச் செய்கிறார்.

ஜனவரி 14

ஒரு சொந்தக் கதை. நானும் ஒரு காலத்தில் க்ரைம் எழுதிப் பார்த்தவன்தான். முதல் பக்கத்தில் பிணம் விழவில்லை என்றால் கதையைத் தொடவே மாட்டேன் என்ற ஓர் ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டு, பிணத்தை எங்கே போடுவது என்பதிலேயே பாதி ஆயுசு போயிற்று. சிமெனோனின் கவர் சமாசாரத்தைப் படித்ததும் ஞானம் பிறந்த மாதிரி ஒரு பழைய கவரை எடுத்தேன். ஓய்வு பெற்ற லைப்ரரியன், வயது 61, இடது காது கேட்காது. தம்பி வீட்டு மாடி அறையில் வாசம். மாசம் பிறந்தால் தம்பி மனைவியிடம் பணம் கொடுப்பான், அவள் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்ப்பாள்.

இதில் எங்கே கொலை? யார் செத்தது? எழுதவே வரவில்லை. கவரைத் தூக்கி டிராயரில் போட்டேன்.

பின்னால் யோசித்தபோதுதான் உறைத்தது. அவருடைய கவரில் கொலையே எழுதப்பட்டிருக்காது. அந்த அம்மாள் எண்ணிப் பார்ப்பதை இன்னும் எத்தனை மாசம் பார்த்துக்கொண்டிருப்பான் அந்த மனுஷன் என்று கேட்க வேண்டிய இடத்தில், விஷமா கத்தியா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் வளர்ப்பு அப்படி.

ஜனவரி 19

கொஞ்சம் சிரிக்கலாம். சொந்தப் பெயரில் எழுதிய முதல் மேக்ரே நாவலான "லாட்வியாக்காரன் பியேத்ர்" கதையில் மேக்ரேயின் உதவியாளர் டோரன்ஸ் கொல்லப்படுகிறார். ஹோட்டல் அறையில் பிணமாகக் கிடக்கிறார், மேக்ரே துக்கத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். அருமையான இடம். பிற்பாடு வரும் நாவல்களில் டோரன்ஸ் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார்! விளக்கம் ஒன்றும் கிடையாது. மேக்ரேயும் ஆச்சரியப்படுவதில்லை.

பெயர் தேவைப்பட்டது, கைக்கு வந்த பெயரைப் போட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பதினோரு நாளில் எழுதுகிறவர் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டா இருப்பார்?

ஜனவரி 20

டோரன்ஸ் விஷயத்தைப் படித்துவிட்டு ஒருவருக்குக் கோபம். "வாசகனை ஏமாற்றுவது இது, செத்தவனைப் பிழைக்க வைக்கிற எழுத்தாளனை எப்படி நம்புவது?" என்கிறார்.

சிமெனோனுக்கும் இது தெரியும். 1951இல் வந்த "மேக்ரேயின் நினைவுக் குறிப்புகள்" அதற்கான பதில் மாதிரி இருக்கும். மேக்ரேயே பேனா பிடித்து எழுதுகிறார். ஒருநாள் ஜார்ஜ் சிம் என்ற துறுதுறு இளைஞன் போலீஸ் தலைமை அலுவலகத்துக்கு வந்தானாம். மேலதிகாரி சிபாரிசு. உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய், என் பெயரிலேயே புத்தகம் போட்டுவிட்டான், தேதி எல்லாம் தப்பு, எனக்கு அந்தத் தொப்பியே கிடையாது என்கிற தினுசில் புலம்பல். நிஜத்திலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். முதல் நாவல்களைப் படித்த பாரிஸ் குற்றப்பிரிவுத் தலைவர் ஸாவியே கிஷார், நடைமுறை தெரியாமல் எழுதியிருக்கிறானே, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார். மேக்ரேக்கு ஜாடை கொடுத்தவர்களில் கமிஷனர் மார்செல் கியோம் முக்கியமானவர்.

36, கே தேஸ் ஓர்ஃபேவ்ர். அந்தப் போலீஸ் தலைமை அலுவலகத்தின் சேன் நதிக்கரை விலாசம். 2017இல் குற்றப்பிரிவு அங்கிருந்து பத்தினியோல் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. கதவு எண் மட்டும் 36ஆகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

ஜனவரி 27

மேக்ரே நெதர்லாந்தில் "பிறந்தார்" என்று எங்கேயோ படித்ததாக ஒருவர். படித்தது சரி, சொன்னவர் சிமெனோன். நடந்ததா என்பது வேறு.

அவர் சொன்ன கதை: 1929 செப்டம்பரில் டெல்ஃப்சைல் துறைமுகத்தில் தன் படகு ஓஸ்ட்ரோகோத்தை ரிப்பேருக்கு விட்டிருந்தார். பக்கத்தில் பாதி தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய தோணி. மரப்பெட்டிகளை அடுக்கி டைப்ரைட்டரை வைத்துக்கொண்டார். கஃபேயில் ஜின் குடித்துக்கொண்டிருக்கும்போது கனத்த உருவம், தொப்பி, பைப், வெல்வெட் காலர் வைத்த கோட்டு என்று ஒருவர் மனசில் எழுந்து வந்தார். 1966இல் அந்த ஊரில் மேக்ரேக்குச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு சிமெனோனும் வந்தார், பல நாடுகளின் திரை மேக்ரேக்களும் வரிசையாக வந்து நின்றார்கள்.

ஆய்வாளர்கள் தேடியபோது, "பியேத்ர்" வருவதற்கு முன்பே புனைபெயரில் எழுதிய மலிவு நாவல்கள் சிலவற்றில் மேக்ரே என்ற போலீஸ்காரர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஒன்றில் ஓரமாக, இன்னொன்றில் கொஞ்சம் நடுவில். ஒரே மத்தியானத்தில் ஜின் மயக்கத்தில் பிறந்தவர் இல்லை, மெல்ல மெல்ல ஒதுக்குப்புறத்திலிருந்து முன்னால் வந்தவர். எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கிறது. சிலை வைக்க வசதிப்படாது, அதுதான் சங்கடம்.

விளம்பரத்தில் மனுஷன் கில்லாடி. 1931 பிப்ரவரி 20 அன்று முதல் மேக்ரே புத்தகங்களை வெளியிட மோன்பார்னாஸில் ஒரு நைட் கிளப்பில் விருந்து. வாசலில் ஒவ்வொரு விருந்தினருக்கும் போலீஸ் முறைப்படி கைரேகை எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். கூண்டு தவறினாலும் கூத்து தவறவில்லை. அந்த ஒரே வருஷத்தில் பத்துக்குக் குறையாமல் மேக்ரே நாவல்கள் வந்தன.

பிப்ரவரி 2

அந்த விருந்தன்று வெளியான இரண்டில் ஒன்று "சேன்-ஃபோலியேனில் தூக்கில் தொங்கியவன்". இதைப் பற்றி நாலு வரி எழுதாமல் என்னால் நகர முடியாது. கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த குறிப்புக்குப் போய்விடுங்கள்.

வேறு வேலையாக ப்ரஸ்ஸல்ஸ் வந்த மேக்ரே, ஒரு கஃபேயில் கந்தல் கோலத்தில் இருக்கும் ஓர் ஆள் ஆயிரம் பிராங்க் நோட்டுகளாக எண்ணி, காகிதத்தில் சுற்றி, சாதாரணத் தபாலில் தன் பாரிஸ் விலாசத்துக்கே அனுப்புவதைப் பார்க்கிறார். வழக்கு இல்லை, புகார் இல்லை, வெறும் குறுகுறுப்பு. ஆளைத் தொடர்கிறார். அவன் ஒரு மலிவு சூட்கேஸ் வாங்கினால் இவரும் அதே மாதிரி ஒன்று வாங்குகிறார். எல்லை ரயில் நிலையத்தில் மாற்றி வைத்துவிடுகிறார். ப்ரேமன் நகரத்து லாட்ஜில் பக்கத்து அறையை எடுத்துக்கொண்டு சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கிறார். அவன் சூட்கேஸைத் திறக்கிறான். உள்ளே பழைய செய்தித்தாள். பைத்தியம் பிடித்த மாதிரி தேடுகிறான், அப்புறம் துப்பாக்கியை எடுத்து வாய்க்குள் வைத்துச் சுட்டுக்கொள்கிறான். அவனுடைய நிஜ சூட்கேஸில் இருந்தது ஒரு பழைய சூட்டு. அவன் அளவுகூட இல்லை. ரத்தக் கறை.

துப்பறியும் நாயகன் முதல் சில பக்கங்களிலேயே ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டார், குறுகுறுப்பினால். மீதி நாவல் அந்தக் கடனைத் தீர்க்க அலைவதுதான். 1931இல் இப்படி ஒரு தொடக்கம்! அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் பெரிய பண்ணை வீட்டு நூலகங்களில் எல்லாரையும் உட்கார வைத்துக் குற்றவாளி யார் என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

தடயம் லியேஜ் நகருக்குப் போகிறது. சிமெனோன் பிறந்து வளர்ந்த பெல்ஜியம் ஊர். அங்கே வாலிபத்தில் ஒரு கூட்டாளிக் குழு, குடி, தத்துவம், வெறி, ஒரு கொலை. பிறகு அவர்களில் ஒருவன் சேன்-ஃபோலியேன் தேவாலயக் கதவில் தூக்கு மாட்டிக்கொள்கிறான்.

இது கற்பனை இல்லை என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. கொலை கற்பனை, தூக்கு நிஜம். லியேஜில் "லா காக்" என்று ஓவியர்கள், கவிஞர்கள் கூடிக் குடித்துக் கூத்தடித்த ஒரு குழு இருந்தது. கேஸட் த லியேஜ் நாளிதழில் பதினாறு வயசு முடியுமுன்னே நிருபராகச் சேர்ந்த சிமெனோனும் அதில் ஒருவர். 1922இல் அந்தக் குழுவைச் சேர்ந்த க்ளைன் என்ற ஓவியன் அதே தேவாலயக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தான். நாவலில் பெயரைக்கூடப் பெரிதாக மாற்றவில்லை. புதுப் பாத்திரத்தை ஊருக்கு அறிமுகப்படுத்தும் புத்தகத்தில், கைரேகை விருந்து வைத்துக் கொண்டாடிய புத்தகத்தில், தன் ஊர்க் கதவிலிருந்து அந்த உடம்பை இறக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

முடிவில் மேக்ரே யாரையும் கைது செய்வதில்லை. பழைய கொலைக்குச் சட்டப்படி காலாவதி ஆக இன்னும் ஒரு மாசம் சொச்சம்தான். பிடித்தால் பிடிக்கலாம். அவர்களுக்குக் குழந்தைகள் இருக்கின்றன. விட்டுவிட்டுப் போய்க் குடிக்கிறார்.

பிப்ரவரி 3

முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டதாக ஒருவர் திட்டியிருக்கிறார். நேற்றே எச்சரிக்கை போட்டிருந்தேன். தவிர, மேக்ரே கதைகளில் முடிவு தெரிந்து படித்தால் நஷ்டம் கம்மி. நான் வாங்கினவற்றில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன பழைய பிரதி ஒன்று உண்டு. கொலையாளி யார் என்பது இன்னமும் தெரியாது. அதைத்தான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

பிப்ரவரி 13

இன்று அவர் பிறந்தநாள். ஆவணப்படி நேற்று!

1903 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷத்தில் பிறந்தார். பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஆகாது என்று அம்மா பயந்தாள். அப்பா போய் 12 என்று பதிந்துவிட்டு வந்தார். சிமெனோனின் முதல் பொய்ச் சாட்சியத்துக்கு அவர் பொறுப்பில்லை.

பிப்ரவரி 15

அம்மா என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, நானும் போகிறேன்.

அப்பா தெசிரே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அலட்டிக்கொள்ளாத மனுஷன். மேக்ரேயின் பொறுமை அவரிடமிருந்து வந்தது என்று படிப்பவர்களுக்கே தோன்றும். அம்மா ஹென்ரியெட் வறுமை பயத்திலேயே வாழ்ந்தவள். வீட்டில் மாணவர்களை வாடகைக்கு வைத்துச் சாப்பாடு போட்டாள். தம்பி கிறிஸ்டியன்தான் அவளுக்குச் செல்லம். அந்த வீட்டையும் தெருவையும் வைத்து எழுதிய "பெடிகிரி" 1948இல் வந்தபோது லியேஜ்காரர்கள் சிலர் இது நான்தான் என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதிகளை வெற்றிடமாகவே அச்சடித்தார். துப்பறியும் எழுத்தாளருக்கு ஏற்ற தண்டனைதான்.

தம்பி கதை கொடூரம். கிறிஸ்டியன் பெல்ஜியத்தின் ரெக்ஸ் பாசிசக் கட்சியில் சேர்ந்து, 1944 ஆகஸ்டில் கூர்செல் படுகொலையில் பங்கெடுத்தான். போர் முடிந்ததும் மரண தண்டனை, ஆள் இல்லாமலே. தப்பிக்க பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டவர் படைப்பிரிவில் சேர் என்று அண்ணன்தான் யோசனை சொன்னார். 1947இல் இந்தோசீனாவில் செத்தான். அம்மா பெரியவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். சின்னவன் போனானே, நீ போயிருக்கக் கூடாதா என்கிற அளவுக்கு. சிமெனோனின் போர்க்காலமும் வெள்ளை இல்லை. ஜெர்மானியர் பணத்தில் நடந்த கம்பெனிக்குப் படக் கதை விற்றிருந்தார், விசாரணை வந்தது, 1945இல் அமெரிக்கா பக்கம் கிளம்பிவிட்டார். பத்து வருஷம் அங்கேதான்.

பணம் வந்த பிறகு அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பினார். வயசான காலத்தில் அவள் சுவிட்சர்லாந்தில் மகன் கட்டிய பெரிய மாளிகைக்கு வந்தாள். வந்தவள் கையில் ஒரு கவர். அத்தனை வருஷம் அவர் அனுப்பிய பணம், அப்படியே, தொடாமல்.

கவரில் பெயர் எழுதி நாவல் ஆரம்பிக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு கவர். 1970 டிசம்பரில் லியேஜ் ஆஸ்பத்திரியில், அவர் சின்ன வயசில் பூசை உதவிக்குப் போன அதே ஆஸ்பத்திரியில், அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அவள் கேட்டது: ஏன் வந்தாய், மகனே? இதையெல்லாம் "என் அம்மாவுக்கு ஒரு கடிதம்" என்ற சின்னப் புத்தகத்தில் சொல்கிறார். எழுதவில்லை, டேப் ரிக்கார்டரில் பேசினார். மேக்ரே ஒரு விசாரணையை நடத்துகிற தொனிதான் அதிலும். நீ யார், என்ன நினைத்தாய், ஏன் என்னைப் பிடிக்கவில்லை. இங்கே சாட்சி பதில் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 16

"பெண்கள் விஷயத்தை ஏன் தொடவில்லை" என்று இரண்டு பேர். தொடுகிறேன், சுருக்கமாக. பத்தாயிரம் பெண்களோடு உறவு என்று 1977இல் இத்தாலிய சினிமா இயக்குநர் ஃபெல்லினியோடு பேசிய பேச்சில் அவரே அடித்துவிட்டது. மனைவி தெனிஸ் அதை ஆயிரத்து இருநூறாகக் குறைத்தார். கண்ணாடிக் கூண்டு கணக்கில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது நாவல்களில் வரும் பெண்கள். வேலைக்காரி, விலைமாது, கஃபே முதலாளியம்மா, இவர்களை நாலே வரியில் நிறுத்துவார், பிரமாதமாக இருக்கும். வசதியான வீட்டு மனைவிமார்கள் மட்டும் பெரும்பாலும் குளிர்ந்துபோய், கஞ்சமாக, கதவுக்குப் பின்னால் காத்திருப்பவர்களாக வருகிறார்கள். அம்மா பற்றி நேற்று எழுதினதற்குப் பிறகு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் விளக்கம் இருப்பதால் அலுப்பு குறைவதில்லை. நாலைந்து நாவலை அடுத்தடுத்துப் படித்தால் மூச்சு முட்டும்.

மார்ச் 1

எழுத்தை நிறுத்தியது பற்றி. 1972இல் "மேக்ரேயும் மிஸ்யூ சார்லும்" வந்தது. அதுவே கடைசி மேக்ரே என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த செப்டம்பரில் அடுத்த நாவலுக்கு வழக்கம்போல் கவரை எடுத்துப் பெயர்கள் எழுதினார். வரவில்லை. அறுபத்தொன்பது வயசு. இனி நாவல் இல்லை என்று முடிவு செய்து, மாளிகையை விற்பனைக்கு விட்டு, அடையாள ஆவணத்தில் தொழில் என்ற இடத்தில் நாவலாசிரியர் என்பதை எடுத்துவிட்டு "தொழில் இல்லை" என்று போடச் சொன்னார்.

ஜனவரியில் பதினோரு நாள் கணக்கு எழுதியபோது அதை ஓர் உழைப்பு சாதனை மாதிரி எழுதிவிட்டேனோ என்று இப்போது கொஞ்சம் உறுத்தல். இன்னொருவன் தோலுக்குள் புகுந்துகொள்வது அவருக்குத் தொழிலா, தன்னிடமிருந்து கிடைத்த விடுப்பா? நிறுத்திய பிறகு அவர் டேப்பில் பேசிப் பேசி வெளியிட்ட இருபத்தொரு புத்தகங்களும் "நான், நான்" என்றே ஓடுகின்றன. சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். காலை நடை, ஜலதோஷம், பழைய கோபம். மேக்ரேயில் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

1978இல் மகள் மரி-ஜோ இருபத்தைந்து வயசில் தன்னைச் சுட்டுக்கொண்டாள். லோஸானில் அவர் கடைசியாகக் குடியிருந்த சின்ன வீட்டுத் தோட்டத்து தேவதாரு மரத்தடியில் அவள் சாம்பல். 1981இல் அவளுக்காக ஒரு பெரிய நினைவுப் புத்தகம் எழுதினார், டேப்பை வைத்துவிட்டுக் கையால். 1989 செப்டம்பரில் அவர் இறந்தபோது அவர் சாம்பலும் அங்கேதான்.

மார்ச் 4

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டவருக்கு: பெங்குவின் 2013இலிருந்து எழுபத்தைந்து மேக்ரேயையும் புதிதாக ஆங்கிலத்தில் போட்டு முடித்திருக்கிறார்கள். வரிசைப்படி படிக்க வேண்டிய அவசியம் கிடையாது, படித்தால் டோரன்ஸுக்காக அழுது ஏமாறுவீர்கள். "சேன்-ஃபோலியேன்" முதலில். "நினைவுக் குறிப்புகள்" ஒரு பத்தாவது படித்த பிறகு, இல்லையென்றால் பாதி கிண்டல் புரியாது. மேக்ரே இல்லாததில் "அழுக்குப் பனி". ஆக்கிரமிக்கப்பட்ட ஓர் ஊர், பத்தொன்பது வயசுப் பையன், காரணமே இல்லாமல் ஒரு கொலை. அதில் புரிந்துகொள்ள ஒரு மேக்ரே வர மாட்டார். அதை முடித்த கையோடு வேறு எதையும் தொடாதீர்கள், ஒரு வாரம் விட்டு வாருங்கள், பேசலாம்.